பூஜ்யத்திலிருந்து எண்ணுவோம்

"அக்கா, எனக்கு கோடிங் வராது."

முதலாமாண்டு பொறியியலில் சேர்ந்த தம்பி தங்கைகளிடமிருந்து இந்த வாக்கியம் ஆண்டு தவறாமல் வரும். எப்போது வரும் என்றுகூடச் சொல்லிவிடலாம். வேரியபிள், பிரின்ட்எஃப், இஃப்-எல்ஸ் வரைக்கும் வராது. அரேயும் லூப்பும் தொடங்கி இரண்டு வாரத்தில் வந்துவிடும். எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் சி மொழி வகுப்பு எடுப்பதால், அந்த இரண்டாவது வாரம் எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்புக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறையும் வாரம் அது.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பா பொறியாளராகவும் அண்ணன் பெங்களூரில் வேலையிலும் இருக்கும் வீட்டுப் பையன் அதே பிழையில் மாட்டினால் என்ன சொல்கிறான்? "இந்த புரோகிராம் ஓட மாட்டேங்குது" என்கிறான். நம் பிள்ளை "எனக்கு வராது" என்கிறது. ஒருவனுக்குப் பிழை புரோகிராமில் இருக்கிறது. இன்னொருவருக்குப் பிழை தன்னிடமே இருக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தது சி மொழி அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து "உங்களுக்கெல்லாம் கணக்கு ஏறாது" என்று சொல்லிச் சொல்லி ஊறப் போட்டது இந்தச் சமூகம்.

அதனால் இந்தப் பதிவில் அரசியல் கட்டுரைக்குப் பதில் அரேயையும் லூப்பையும் எடுத்துக்கொள்கிறேன். படித்து முடிக்கும்போது அதுவும் அரசியல் கட்டுரைதான் என்று உங்களுக்கே தெரியும்.

மேல்நிலையில் தமிழ்வழியில் கணினி அறிவியல் படித்தவர்கள் இதை அணி என்றும் மடக்கு என்றும் படித்திருப்பீர்கள். கல்லூரிக்குப் போன மறுநாளே அதே விஷயம் வேறு பெயரில், வேறு மொழியில், வேறு வேகத்தில் வருகிறது. தெரிந்த விஷயம் தெரியாததுபோல ஆகிவிடுகிறது. பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. எனவே முதலில் பெயர்களை இணைத்துக்கொள்ளுங்கள்: அணிதான் அரே, மடக்குதான் லூப், சுட்டெண்தான் இன்டெக்ஸ்.

முதல் தடுமாற்றம் பூஜ்யம். ஐந்து மதிப்பெண்களை வைக்க ஓர் அரே எடுக்கிறோம். முதல் மதிப்பெண்ணின் எண் 0, கடைசி மதிப்பெண்ணின் எண் 4. "ஐந்து என்று சொல்லிவிட்டு ஏன் ஐந்தாம் எண் இல்லை?" என்று கேட்டால், பல வகுப்புகளில் கிடைக்கும் பதில், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு." மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை, காரணம் இருக்கிறது.

சி மொழியில் இன்டெக்ஸ் என்பது வரிசை எண் அல்ல, தூரம். அரே தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை பெட்டி தள்ளிப் போக வேண்டும் என்பதுதான் அந்த எண். முதல் பெட்டிக்குப் போக எத்தனை பெட்டி தாண்ட வேண்டும்? ஒன்றும் தாண்ட வேண்டாம். அதனால் 0. நினைவகத்தில் அரே 1000 என்ற முகவரியில் தொடங்குகிறது, ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0-ஆம் பெட்டி 1000, 1-ஆம் பெட்டி 1004, பிறகு 1008, 1012, 1016. அத்தோடு உங்கள் இடம் முடிந்தது. 1020 உங்களுடையது அல்ல, அங்கே யார் இருக்கிறார்கள் என்றும் உங்களுக்குத் தெரியாது. பழைய டர்போ சி வைத்திருக்கும் ஆய்வகம் என்றால் ஒரு முழு எண்ணுக்கு 2 பைட். கணக்கு மாறும், தத்துவம் மாறாது.

இரண்டாவது தடுமாற்றம் இதிலிருந்தே பிறக்கிறது. லூப்பில் "ஐ < 5" என்று எழுத வேண்டிய இடத்தில் "ஐ <= 5" என்று எழுதுவது. ஒரே ஒரு சமக்குறி. லூப் ஐந்துக்குப் பதில் ஆறு முறை ஓடும். ஆறாவது முறை அந்த 1020-இல் கை வைக்கும்.

இங்கேதான் சி மொழியின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜாவாவோ பைத்தானோ, எல்லை தாண்டினால் அங்கேயே நிறுத்தி, இந்த வரியில் தப்பு என்று சொல்லும். சி சொல்லாது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி இந்த மொழியை உருவாக்கியபோது கணினிகளின் நினைவகம் மிகச் சிறியது. ஒவ்வொரு முறையும் எல்லையைச் சரிபார்ப்பது செலவு. எழுதுகிறவருக்கு எல்லை தெரியும் என்று நம்பி விட்டுவிட்டார்கள். எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதை மொழியின் விதிகளே வரையறுக்கவில்லை. எதுவும் ஆகலாம். சரியான விடை வரலாம், குப்பை எண் வரலாம், புரோகிராம் நடுவில் விழலாம். சில கம்பைலர்களில் ஐ என்ற வேரியபிள் அரேக்கு அடுத்த பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கும். அரேயை பூஜ்யத்தால் நிரப்பும் லூப் ஆறாவது முறை அந்த ஐ-யையே பூஜ்யமாக்கிவிடும். லூப் திரும்ப முதலிலிருந்து தொடங்கும், முடியவே முடியாது.

இந்த "எதுவும் ஆகலாம்" என்பதற்கு ஒரு மாணவி கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். அவள் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம். அவளும் வகுப்பு நண்பன் ஒருவனும் ஒரே புரோகிராமை எழுதியிருந்தார்கள். ஐந்து மதிப்பெண்களின் கூட்டுத்தொகை. இருவருடைய லூப்பிலும் அதே சமக்குறி. அவன் தன் சொந்த லேப்டாப்பில் ஓட்டினான். ஆறாவது பெட்டியில் தற்செயலாக 0 இருந்ததால் சரியான விடை வந்தது. அவள் ஆய்வகத்துக் கணினியில் ஓட்டினாள். அங்கே ஆறாவது பெட்டியில் குப்பை. விடை ஏதோ மைனஸ் எண்ணாக வந்தது. ஆசிரியர் அவன் நோட்டில் கையெழுத்துப் போட்டார். அவளிடம், "கட்-ஆஃப் இல்லாம உள்ள வந்துடுறீங்க, அப்புறம் எங்க உயிர வாங்குறீங்க" என்றார்.

ஒரே பிழைதான். ஒருவனுக்கு அது தெரியாமலே போனது. அவளுக்கு அது சாதிச் சான்றிதழாக மாறியது. அந்த ஆசிரியர் இரண்டு லூப்பையும் ஒரு நிமிடம் படித்திருந்தால் இரண்டிலும் ஒரே சமக்குறியைப் பார்த்திருப்பார். அவர் லூப்பைப் படிக்கவில்லை, ஆளைப் படித்தார்.

2007-இல் சுகதேவ் தோரட் குழு டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தது. தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களைப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்று தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னதை அது பதிவு செய்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியிலேயே அப்படியென்றால், மற்ற இடங்களின் ஆய்வக அறைகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

எல்லை தாண்டுவது கோட்டாவில் வந்தவர் செய்யும் பிழை என்று யாராவது சொன்னால், அவருக்கு இரண்டு கதை சொல்லுங்கள். 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் மோரிஸ் புழு என்ற நிரல் பரவியது. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர். அது நுழைந்த வழிகளில் ஒன்று, யுனிக்ஸ் கணினிகளில் இருந்த ஒரு சிறிய சேவை நிரல். 512 பைட் இடம் வைத்துவிட்டு, உள்ளே வருவதன் நீளத்தை அது பார்க்கவில்லை. அதில் பயன்படுத்திய கெட்ஸ் என்ற ஃபங்ஷனை, 2011-இல் வந்த சி மொழித் தரம் மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. இன்றும் சில ஆய்வகக் கையேடுகளில் அதைப் பார்க்கலாம். இரண்டாவது, 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட். ஓபன்எஸ்எஸ்எல் என்ற, உலகத்தின் ஏராளமான இணையதளங்கள் நம்பியிருந்த பாதுகாப்பு நிரலில், கேட்ட நீளம் உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் ஒரு வரி விடுபட்டிருந்தது. பக்கத்துப் பெட்டிகளில் இருந்த ரகசியங்கள் வெளியே கசிந்தன. இவற்றை எழுதியவர்கள் முதலாமாண்டு மாணவர்கள் இல்லை. அவர்களை யாரும் "எந்த ஒதுக்கீட்டில் வந்தாய்" என்று கேட்கவில்லை. பிழையைத் திருத்தினார்கள், அடுத்த வேலையைப் பார்த்தார்கள். நமக்கும் அந்த மரியாதைதான் வேண்டும்.

இனி, வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டுத்தொகை வேரியபிளுக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விடுவது. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் வேரியபிள் தானாக 0 ஆகாது. முன்னால் அங்கே யார் இருந்தார்களோ அவர்கள் விட்டுப்போனது அப்படியே இருக்கும். அதன்மேல் கூட்டினால் விடை எப்படி வரும்? அதேபோல, பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமில் தொடக்க மதிப்பாக 0 வைப்பது. எல்லா எண்களும் மைனஸாக இருந்தால், அரேயிலேயே இல்லாத 0-ஐ விடையாகக் காட்டும். அரேயின் முதல் எண்ணை வைத்துத் தொடங்குங்கள்.

ஃபார் வரியின் முடிவில் அரைப்புள்ளி வைப்பது. எல்லா வரிக்கும் வைத்துப் பழகிய கை அங்கேயும் வைத்துவிடும். அந்த அரைப்புள்ளியே லூப்பின் உடம்பாகிவிடும். லூப் ஐந்து முறை சும்மா சுற்றும். பிறகு கீழே உள்ள அடைப்புக்குள் இருப்பது ஒரே ஒரு முறை, ஐ 5 ஆன பிறகு, எல்லைக்கு வெளியே ஓடும்.

ஸ்கேன்எஃப்பில் ஆம்பர்சன்ட் குறியை மறப்பது. எண்ணைக் கொண்டுபோய் வைக்க முகவரி வேண்டும். குறி இல்லையென்றால் பெட்டிக்குள் இருக்கும் குப்பையையே முகவரி என்று நினைத்து அங்கே போய் எழுதப் பார்க்கும்.

ஓர் அரேயை இன்னொன்றுக்குச் சமக்குறி போட்டு நகலெடுக்கப் பார்ப்பது. சி அதை அனுமதிக்காது. ஒவ்வொரு பெட்டியாக லூப் போட்டு நகலெடுக்க வேண்டும். இரண்டு அரேக்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒப்பிடுவது உள்ளே இருப்பதை அல்ல, முகவரிகளை.

அரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பிவிட்டு, உள்ளே சைஸ்ஆஃப் போட்டு நீளம் கேட்பது. ஃபங்ஷனுக்குப் போவது அரே அல்ல, அதன் தொடக்க முகவரி மட்டும். 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட், எண்ணுக்கு 4 பைட். நூறு எண்கள் இருந்தாலும் விடை 2 என்று வரும். நீளத்தைத் தனியாகக் கூடவே அனுப்புங்கள்.

எழுத்துகளின் அரேயில் முடிவுக்குறிக்கு இடம் விடாதது. ஆங்கிலத்தில் அம்பேத்கர் என்று எழுத 8 எழுத்து. 8 பெட்டி போதும் என்று நினைப்போம். வாக்கியம் எங்கே முடிகிறது என்று காட்டும் பூஜ்யக் குறிக்கு ஒன்பதாவது பெட்டி வேண்டும். 8 பெட்டியில் அந்தப் பெயரை வைத்தால் சி மொழி தடுக்காது. அச்சிடும்போதுதான் பெயரைத் தாண்டி, முடிவுக்குறி கிடைக்கும்வரை பக்கத்தில் உள்ளதையெல்லாம் வாசித்துக்கொண்டே போகும்.

கடைசியாக, லூப்புக்குள் லூப். இதில் வரும் பிழையை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவை இந்தத் தளத்தில் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பல வகுப்புகள், ஒவ்வொரு வகுப்பிலும் பல மாணவர்கள். பள்ளி முழுவதும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். வெளி லூப் வகுப்புக்கு, உள் லூப் மாணவருக்கு. எண்ணியை 0 ஆக்கும் வரியை எங்கே வைப்பது? வெளி லூப்புக்கு முன்னால் வைத்தால் பள்ளி முழுவதும் எண்ணும். வெளி லூப்புக்கு உள்ளே வைத்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரே வரிதான். இடம் மாறினால் விடை தலைகீழாகும்.

இப்போது 2018-க்கு வாருங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு 200 இட ரோஸ்டர் நடைமுறையில் இருந்தது. ரோஸ்டர் என்பது வேறொன்றுமில்லை, ஓர் அரே. எத்தனையாவது இடம் யாருக்கு என்று சொல்லும் அரே. 4, 8, 12 இதர பிற்படுத்தப்பட்டோருக்கு, 7 பட்டியல் சாதியினருக்கு, 14 பழங்குடியினருக்கு என்று அது தொடங்கும். 2017 ஏப்ரலில் அலகாபாத் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் அல்ல, துறைதான் அலகு என்று தீர்ப்பளித்தது. 2018 மார்ச் 5 அன்று பல்கலைக்கழக மானியக் குழு அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 13 இட ரோஸ்டர் என்று நாம் எதிர்த்துப் போராடியது இதைத்தான்.

சி மொழியில் சொன்னால், எண்ணியை பூஜ்யமாக்கும் வரியை வெளி லூப்புக்குள் நகர்த்திவிட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் 8 துறைகள், துறைக்கு 6 ஆசிரியர்கள், மொத்தம் 48. பல்கலைக்கழகமே அலகு என்றால் 15 சதவீதத்தில் பட்டியல் சாதியினருக்கு 7 இடம், ஏழரை சதவீதத்தில் பழங்குடியினருக்கு 3 இடம், 27 சதவீதத்தில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 12 இடம். துறையே அலகு என்றால்? ஒவ்வொரு துறையிலும் எண்ணிக்கை 6-இல் நின்றுவிடும். நான்காம் இடம் வரும், ஏழாம் இடம் வராது. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 8, பட்டியல் சாதியினருக்கு 0, பழங்குடியினருக்கு 0. நியமனமானவர் ஓய்வு பெற்று, அடுத்த சுற்று வரும்போதுதான் நம் முறை. அதற்கு ஒரு தலைமுறை ஆகும்.

சதவீதத்தில் யாரும் கை வைக்கவில்லை. அரசியல் சட்டத்தில் ஒரு சொல் மாறவில்லை. ஒரு வரியின் இடம் மாறியது, நம் எண்ணிக்கை பூஜ்யமானது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் நாடு முழுவதும் தெருவில் இறங்கினார்கள். மார்ச்சில் அவசரச் சட்டம் வந்தது, ஜூலையில் அது சட்டமானது. எண்ணி மறுபடி வெளி லூப்புக்கு முன்னால் போனது. போராட்டம்தான் அந்தப் பிழையைத் திருத்தியது. ஆனால் எந்த வரி நகர்ந்தது என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள், ரோஸ்டரை எண்ணத் தெரிந்தவர்கள்.

தோழர்களே, நான் உங்களை அரே படிக்கச் சொல்வது வேலைக்காக மட்டும் இல்லை. வேலையும் வேண்டும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இனி ஒதுக்கீட்டுப் பட்டியலும் உதவித்தொகைப் பட்டியலும் தரவரிசையும் ஏதோ ஒரு நிரலிலிருந்துதான் வெளிவரப் போகின்றன. "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு" என்று கையை விரிக்கும் அதிகாரியிடம், "எண்ணியை எங்கே பூஜ்யமாக்கினீர்கள்?" என்று கேட்கும் ஆள் நம் பக்கம் இருக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது? லேப்டாப் இல்லை என்ற கவலையை முதல் மாதம் தள்ளி வையுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். அரேக்குப் பெட்டி வரையுங்கள், மேலே 0 முதல் எண் போடுங்கள். பக்கத்தில் ஐ, ஜே, கூட்டுத்தொகை என்று பத்தி போட்டு, லூப் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் மதிப்பை எழுதுங்கள். முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் கட்டாயம் எழுதுங்கள். பிழைகள் அந்த இரண்டு ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். கணினி கிடைக்கும்போது ஜிசிசி கம்பைலரில் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் தேர்வைப் போட்டு ஓட்டுங்கள். எச்சரிக்கை என்பது திட்டு அல்ல, வழி சொல்வது. இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் வாய்விட்டு வாசியுங்கள். அடுத்தவர் பிழையைப் பார்த்துச் சிரிப்பவருக்கு எங்கள் படிப்பகத்தில் அன்று தேநீர் கிடையாது.

இந்த வார வீட்டுப்பாடம். ஐந்து துறைகள், பணியிடங்கள் 6, 3, 9, 14, 5. அவற்றை ஓர் அரேயில் வையுங்கள். ஒவ்வொரு துறையிலும் ஏழாம் இடம் வந்தால் பட்டியல் சாதியினருக்கு ஒன்று, பதினான்காம் இடம் வந்தால் பழங்குடியினருக்கு ஒன்று என்று எண்ணுங்கள். 2, 1 என்று வரும். பிறகு மொத்தத்தைக் கூட்டி, 15 சதவீதமும் ஏழரை சதவீதமும் கணக்கிடுங்கள். தசமத்தை விட்டுவிட்டால் 5, 2 என்று வர வேண்டும். ஓர் எச்சரிக்கை: 15-ஐ 100-ஆல் முதலில் வகுத்துவிட்டுப் பெருக்கினால் விடை 0 என்று வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். முதலில் பெருக்குங்கள், பிறகு வகுங்கள். நம்மை மிச்சமாக்கித் தூக்கி எறியும் கணக்கு எதுவானாலும், வரியை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

ஜெய்பீம்.